கராத்தே கத்துக்க ஆரம்பிச்சிருக்கியா? பலமும் வேகமும் சேர அக்கா சொல்ற டிப்ஸ்

ஒயிட் பெல்ட் கட்டி ரெண்டு மாசம்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள "என் பன்ச்ல பலமே இல்லக்கா, பக்கத்துல நிக்கற சின்னப் பொண்ணு கை போறதும் தெரியல, வர்றதும் தெரியல"ன்னு புலம்பல். உடனே கடைக்குப் போய்க் கால்ல கட்டற வெயிட் வாங்கறது. ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சு, பத்து மணிக்கு நூறு பஸ்கி போடறது. மறுநாள் படி இறங்க முடியாம கிளாஸுக்கு மட்டம் போடறது. புதுசா சேர்றவங்கள்ல பாதிப் பேர் இதே வழியிலதான் போறாங்க. நீ போகாதே.

வேலை, வீடு, பிள்ளைங்க ஸ்கூல் எல்லாத்துக்கும் நடுவுல உனக்கு நேரம் கம்மின்னு எனக்குத் தெரியும். அதனால எது பலன் தரும், எது உன் மூட்டைத் தேய்க்கும்னு மட்டும் சொல்றேன். கிளாஸுக்கு வெளியே வாரத்துக்கு ரெண்டு நாள், அந்த நாள்ல ஒரு முக்கால் மணி நேரம். அவ்வளவு போதும்.

ஒண்ணை மட்டும் இப்பவே மனசுல ஏத்திக்கோ. அடியோட பலம் கால்லயும் இடுப்புலயும் இருந்து வருது. அடியோட வேகம், தோளும் கையும் தளர்வா இருக்கும்போது, உடம்பு களைக்காம இருக்கும்போது வருது. நீ என்ன பண்றே? காலை விட்டுட்டுக் கையைத் தேத்தறே, களைச்சுப்போன பிறகு வேகத்துக்குப் பாடுபடறே. ரெண்டுமே தலைகீழ்.

கிளம்பறதுக்கு முன்னாடி

1. மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி வை. கிக் விடும்போது மெட்டி உன் பக்கத்து விரலையும் கிழிக்கும், பேட் பிடிச்சிட்டு நிக்கறவங்க கையையும் கிழிக்கும். தாலிச் செயினைக் கழட்ட மனசு வரலன்னா சும்மா பயிற்சி பண்ற நாள்ல உள்ளே தள்ளி டேப் போட்டு ஒட்டிக்கோ. குமித்தே, அதாவது எதிராளியோட மோதற பயிற்சி, இருக்கற நாள்ல கழட்டியே ஆகணும், அதுல பேச்சே கிடையாது. நகத்தை ஒட்ட வெட்டு. கராத்தே டிரஸ்ஸுல விலை உசந்தது வாங்கணும்னு யோசிக்கறதுக்கு முன்னாடி நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒண்ணு வாங்கு.

2. பிரஷர், இதய நோய், பழைய முட்டி அடி, முதுகு வலி இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பி. கர்ப்பமா இருந்தாலோ, பிரசவம் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள இருந்தாலோ கட்டாயம் கேளு. குதிக்கும்போது சிறுநீர் கசியுதுன்னு சொல்ல வெக்கப்பட்டு எத்தனையோ பேர் கிளாஸையே விட்டுடறாங்க. அது இடுப்புத்தளத் தசை தளர்ந்ததால வர்றது. பிஸியோதெரபிஸ்ட்கிட்ட போனா அதுக்குன்னே பயிற்சி சொல்லித் தருவாங்க, பெரும்பாலும் சரியாகும். அதுவரைக்கும் குதிக்கறதை மட்டும் தள்ளி வை. கராத்தேயைத் தள்ளி வைக்காதே.

3. ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குதா, எப்பவும் அசதியா இருக்கா? ஹீமோகுளோபின் பார்த்துடு. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி நம்ம நாட்டுல 15 வயசுலேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தைச் சரி பண்ணாம எத்தனை தண்டால் போட்டாலும் வேகம் வராது. சோம்பேறின்னு உன்னை நீயே திட்டிக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடு.

4. "இந்த வயசுலயா?"ன்னு யாராவது கேட்டா பதில் வெச்சுக்கோ. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கராத்தே போட்டி 2021 ஆகஸ்ட்ல நிப்பான் புடோக்கான் அரங்குல நடந்துச்சு. பெண்கள் கட்டாவுல, அதாவது தனியா அசைவுகளை வரிசையா செஞ்சு காட்டற பிரிவுல, தங்கம் வாங்கின ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போ வயசு 39.

பலம்: வாரத்துக்கு ரெண்டு நாள், இருபது நிமிஷம்

ரெண்டு பலப் பயிற்சிக்கு நடுவுல குறைஞ்சது 48 மணி நேரம் இடைவெளி விடு. தசை பலமாகறது பயிற்சி பண்ற நேரத்துல இல்ல, அதுக்கப்புறம் நீ சாப்பிட்டு ஓய்வெடுக்கற நேரத்துல. தினமும் போட்டா சீக்கிரம் வரும்னு நினைக்காதே. தினமும் போட்டா வலிதான் சீக்கிரம் வரும்.

இன்னொண்ணு. முதல் ஆறு வாரத்துல தசை பெருத்த மாதிரி ஒண்ணும் தெரியாது. ஆனா பலம் கூடும். இருக்கற தசையையே மூளையும் நரம்பும் இன்னும் நல்லா வேலை வாங்கக் கத்துக்கற காலம் அது. கண்ணாடியைப் பார்த்து "ஒண்ணும் மாறல"ன்னு நிறுத்திடாதே.

5. பஸ்கி. நாற்காலியில உட்கார்ந்து எழற மாதிரி ஆரம்பி. கை முன்னாடி நீட்டி, பிட்டம் நாற்காலியைத் தொட்டதும் எழு. பத்து தடவை, மூணு சுற்று. முட்டி உள்பக்கமா மடங்கக் கூடாது, கால் விரல் எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கமே போகணும். சுலபமாயிடுச்சுன்னா நாற்காலியை எடுத்துட்டு, அஞ்சு கிலோ அரிசிப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுச் செய். ஜிம் வேண்டாம்.

6. முன்கால் பின்கால் பஸ்கி. இதுதான் உனக்கு ரொம்ப முக்கியம். ஜென்குட்சு டாச்சி மாதிரி ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி வெச்சு நேரா கீழே இறங்கி ஏறு. காலுக்கு எட்டு, மூணு சுற்று. பேலன்ஸ் இல்லன்னா சுவத்துல ஒரு கை வெச்சுக்கோ, ஒண்ணும் குறைஞ்சுபோயிடாது. ஓய் சுகியில, அதாவது ஒரு எட்டு முன்னாடி வெச்சுக் குத்தும்போது, பின்காலால தரையைத் தள்ளித்தான் உடம்பு முன்னாடி போகணும். அந்தத் தள்ளல் இல்லாததாலதான் உன் பன்ச் வெறும் கையா மட்டும் போகுது. மாஸ்டர் "ஸ்டான்ஸ் இறக்கு, இறக்கு"ன்னு கத்தறாரே, உன்னைக் கொடுமைப்படுத்த இல்ல. இறங்கி நிக்கப் பலம் வந்துட்டா அவர் கத்த வேண்டியதே இருக்காது.

7. இடுப்புத் தூக்கல். மல்லாந்து படு, முட்டியை மடக்கு, குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்கி ரெண்டு விநாடி நிறுத்து. பன்னிரண்டு, மூணு சுற்று. பிட்டத் தசைதான் கிக்குக்கும், பின்கால் பக்கத்துக் கையால குத்தற கியாகு சுகிக்கும் மோட்டார். நாளெல்லாம் நாற்காலியில உட்கார்ந்து வேலை பார்க்கறவங்களுக்கு அது வேலை செய்யறதையே மறந்திருக்கும். டிவி பார்த்துக்கிட்டே இதைச் செய்யலாம்.

8. தண்டால். தரையில முதுகு தொங்கத் தொங்கப் போடற இருபதை விட சமையல் மேடையில கை வெச்சு ஒழுங்கா போடற எட்டு மேல். மேடை சுலபமானா நாற்காலி, நாற்காலி சுலபமானா தரை. நாற்காலியைச் சுவத்தோட ஒட்டிப் போடு, வழுக்கும். முழங்கை விலாவை ஒட்டியே போகணும், பன்ச் போற பாதையும் அதுதான். முஷ்டித் தண்டாலுக்கு அவசரப்படாதே. தரையில சுத்தமா பத்து வந்த பிறகு, பாய் மேலே, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்த முன்முட்டி ரெண்டுல மட்டும் எடை விழற மாதிரி போடு. மணிக்கட்டு மடங்கினா அன்னிக்கு அது வேண்டாம்.

9. இழுக்கறது. எல்லாரும் இதை விட்டுடறாங்க. தள்ளற தசையை மட்டும் வளர்த்தா தோள் முன்னாடி சாஞ்சு வலிக்க ஆரம்பிக்கும். அஞ்சு லிட்டர் தண்ணீர் கேன் எடுத்துக்கோ. கட்டில்ல ஒரு கை ஊன்றிக் குனிஞ்சு நில்லு, கேனை இடுப்புக்கு இழு. கைக்குப் பத்து, மூணு சுற்று. ஒரு கை அடிக்கும்போது இன்னொரு கை இடுப்புக்கு இழுபடுதே, ஹிக்கிடே, அந்த இழுப்பும் இதே பாதைதான்.

10. வயிறு. பிளாங்க் இருபது விநாடி, மூணு தடவை. பக்கவாட்டு பிளாங்க் பக்கத்துக்குப் பதினைஞ்சு விநாடி. ரெண்டு நிமிஷம் நின்னு காட்டறதெல்லாம் வேண்டாம், அந்த நேரத்துக்கு இன்னொரு சுற்று பஸ்கி போடு. கழுத்துக்குப் பின்னாடி கையைக் கோத்துத் தலையை இழுத்து இழுத்துப் போடற சிட்-அப்பை மறந்துடு.

11. பிடி. ஒகினாவாவுல, குறிப்பா கோஜு ரியூ காரங்க, நிகிரி-கமேன்னு ஜாடியை வாய் விளிம்புல விரலால கவ்விப் பிடிச்சுக்கிட்டு நடந்து பழகுவாங்க. உன் வீட்டுல அகலமான வாய் உள்ள பிளாஸ்டிக் டப்பா இல்லாமலா போயிடும்? ரெண்டு டப்பாவுல பாதி அரிசி போட்டு, விளிம்பை விரலால பிடிச்சு, ஹால்ல நாலு தடவை போயிட்டு வா. கண்ணாடி ஜாடி, பீங்கான் ஊறுகாய் ஜாடி எல்லாம் எடுக்காதே. கால்ல விழுந்தா கராத்தேயும் போச்சு, ஊறுகாயும் போச்சு.

எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு அவசியம் இல்ல. நேரம் இல்லாத நாள்ல 6, 8, 9 மூணை மட்டும் செஞ்சுட்டுப் போ.

எப்போ கூட்டறது? ஒவ்வொரு சுற்று முடியும்போதும் "இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்"ங்கற நிலையில நிறுத்து. அப்படியே ரெண்டு வாரம் போய், பன்னிரண்டு சுலபமா வந்தா எடையைக் கொஞ்சம் ஏத்து. எண்ணிக்கையை அம்பது, நூறுன்னு ஏத்தாதே. அது தாக்குப்பிடிக்கற சக்தியைத்தான் வளர்க்கும், அடிக்கற பலத்தை வளர்க்காது. மூச்சை அடக்கிக்கிட்டு முக்காதே. எழும்போது, தள்ளும்போது மூச்சை வெளியே விடு. பிரஷர் இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். கியாய்னு கத்தும்போதும் அந்த மூச்சு வெளியேறத்தானே செய்யுது.

கட்டாவை அலட்சியமா நினைக்காதே. அதுவும் பலப் பயிற்சிதான். ஷோட்டோகான் கராத்தேயோட தந்தை கிச்சின் ஃபுனகோஷி, டெக்கி கட்டா மூணுக்கு மட்டும் பத்து வருஷம் செலவழிச்சதா எழுதியிருக்கார். அந்தக் கட்டா பூராவும் கிபா டாச்சி, அதாவது முட்டியை மடக்கிக் குதிரை மேலே உட்கார்ந்த நிலை. நேரமே கிடைக்காத வாரத்துல குக்கர் விசில் வர்ற வரைக்கும் கிபா டாச்சியில நில்லு. தொடை நடுங்க ஆரம்பிச்சா எழுந்து நடந்துட்டு மறுபடி இறங்கு.

வேகம்: களைக்கறதுக்கு முன்னாடி

இங்கேதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. கிளாஸ் கடைசியில, வேர்த்து விறுவிறுத்து, கை தூக்க முடியாம இருக்கும்போது "ஃபாஸ்ட், ஃபாஸ்ட்"ன்னு நூறு பன்ச். அதுல மனஉறுதி வளரும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா வேகம் வளராது. களைச்சுப்போய் மெதுவா அடிச்சா, மெதுவா அடிக்கத்தான் உடம்பு பழகும்.

முழு வேகத்துக்கு வேணுங்கற உடனடிச் சக்தி தசைக்குள்ள பத்து விநாடி அளவுக்குத்தான் இருக்கும். அது திரும்ப நிரம்பச் சில நிமிஷம் ஆகும். அதனால சும்மா நிக்கற நேரமும் பயிற்சியில சேர்ந்ததுதான். குற்ற உணர்ச்சியே வேண்டாம், நின்னு மூச்சு விடு.

12. வரிசையை மாத்தாதே. முதல்ல உடம்பைச் சூடாக்கறது, அடுத்தது வேகம், அதுக்கப்புறம் பலம், கடைசியில ஸ்ட்ரெச்சிங். வேகமும் பலமும் ஒரே நாள்ல செஞ்சா வேகம்தான் முந்தி.

13. சூடாக்க எட்டு நிமிஷம். நின்ன இடத்துல ஓடு, கையைச் சுழட்டு, இடுப்பைச் சுழட்டு, காலை முன்னாடியும் பக்கத்துலயும் மெதுவா வீசு. காலை நீட்டி உட்கார்ந்து ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு பிடிச்சு இழுக்கற ஸ்ட்ரெச்சிங்கை முன்னாடி செய்யாதே. கொஞ்ச நேரத்துக்குத் தசையோட வெடிப்பு குறைஞ்சிடும். அதெல்லாம் கடைசியில. காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில செஞ்சேன்னா இன்னும் ரெண்டு நிமிஷம் சேர்த்துக்கோ, அந்த நேரத்துல உடம்பு விறைப்பாத்தான் இருக்கும்.

14. மூணு மூணா அடி. கியாகு சுகி மூணு, முழு வேகத்துல. ஒரு நிமிஷம் ஓய்வு. மறுபடி மூணு. பக்கத்துக்கு அஞ்சு சுற்று. கிக்குன்னா காலுக்கு மூணு, நாலு சுற்று. "இவ்வளவுதானா அக்கா?" ஆமா, இவ்வளவுதான். ஒவ்வொரு அடியும் உன்னால முடிஞ்ச உச்ச வேகத்துல இருக்கணும். வேகம் லேசா குறைஞ்சது தெரிஞ்ச உடனே அன்னிக்குக் கடையைக் கட்டு.

15. முதல்ல மெதுவா. முழு வேகத்துக்குப் போறதுக்கு முன்னாடி அதே அடியை அஞ்சு தடவை மெதுவா, அஞ்சு தடவை நடு வேகத்துல போடு. மெதுவா போடும்போது முழங்கை விலாவை விட்டு வெளியே போகுதுன்னா வேகமா போடும்போது இன்னும் வெளியே போகும். தப்பான அடியை வேகமாக்கினா அப்புறம் திருத்தறதுக்கு ரெண்டு மடங்கு பாடு.

16. தோளைத் தொங்க விடு. ஈரத்துணியை உதறும்போது கையை விறைச்சுக்கிட்டா உதறுவே? மணிக்கட்டு தளர்வா இருக்கறதாலதானே துணி நுனி சொடுக்குது. பன்ச்சும் அப்படித்தான். அடிக்கற தசை வேலை செய்யும்போது எதிர்த் தசையும் இறுகிக் கிடந்தா, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டறே. முஷ்டியை லேசா மூடி வை, பல்லைக் கடிக்காதே, இடுப்பு முதல்ல திரும்பட்டும், கை பின்னாடி வரட்டும். சேர்ற அந்தக் கணத்துல மட்டும் முஷ்டி, வயிறு, பின்கால் எல்லாம் சேர்ந்து இறுகணும். மாஸ்டர் "கிமே"ன்னு சொல்றது இதைத்தான். இறுகின உடனே விட்டுடு. புதுசா வர்றவங்க ஆரம்பத்துலயே இறுக்கிடறாங்க, முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

17. திரும்ப வர்றதும் வேகம்தான். போன காலை அப்படியே தொப்புன்னு கீழே போடாதே. முன்னாடி விடற கிக், மாய் கெரி, போன வேகத்துல முட்டி மடங்கித் திரும்பணும், அப்புறம்தான் பாதம் தரைக்கு வரணும். இல்லன்னா எதிர்ல நிக்கறவங்க காலைப் பிடிச்சுக்குவாங்க. திரும்ப இழுக்கறதைக் கவனிச்சாலே போற வேகமும் தானா கூடறதை நீயே பார்ப்பே.

18. சத்தத்துக்கு ஆசைப்படாதே. கராத்தே டிரஸ் கை "சடக்"னு சத்தம் போடறது கேட்க நல்லாத்தான் இருக்கும். அதுக்காக முழங்கையை முழுசா நீட்டிப் பூட்டிக் காத்துல அடிச்சா ரெண்டு மாசத்துல முழங்கைக்குப் பின்னாடி வலி பிடிக்கும். கிக்குல முட்டிக்கும் இதே கதி. கடைசி ஒரு துளி மடக்கம் எப்பவும் இருக்கட்டும்.

19. அடிக்கறதுக்கு முன்னாடி காட்டிக் கொடுக்காதே. போனைச் சுவத்துல சாச்சு வெச்சு ஸ்லோமோஷன்ல ஒரு வீடியோ எடு. பன்ச் விடறதுக்கு முன்னாடி தோள் ஏறுதா, கை கொஞ்சம் பின்னாடி போகுதா, மூச்சை இழுக்கறியா? எதிராளிக்கு அதுவே அறிவிப்பு. அதை நிறுத்தினாலே தசை ஒரு துளி மாறாம உன் அடி முன்னாடியே போய்ச் சேரும். எந்தச் செலவும் இல்லாம வேகம் கூட்ட இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

20. கண்ணுக்கும் பயிற்சி கொடு. வீட்டுல இருக்கற பிள்ளையைக் கூப்பிடு. நாலு அடி தள்ளி நின்னு டென்னிஸ் பந்தைத் தோள் உசரத்துலேர்ந்து சொல்லாம கொள்ளாம விடச் சொல்லு. ரெண்டாவது தடவை தரையில படறதுக்குள்ள நீ பிடிக்கணும். பத்து தடவை. பிள்ளைக்கும் விளையாட்டு ஆச்சு.

21. ஸ்கிப்பிங். முப்பது விநாடி ஆடு, முப்பது விநாடி நில்லு, எட்டு சுற்று. கயிறு நுழையற உசரம் போதும், வானத்துக்குக் குதிக்காதே. முன்பாதத்துல இறங்கு. வெறும் சிமென்ட் தரையில வெறுங்காலோட வேண்டாம், ஷூ போடு, இல்லன்னா கனமான பாய் விரி. ஸ்கிப்பிங்கை வேகப் பயிற்சிக்கு அப்புறம் வை, இல்லன்னா வேற நாள்ல வை.

தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடினா வேகம் வருமான்னு கேட்கறவங்க நிறைய. மூச்சுக்கு நல்லது, பிடிச்சா ஓடு. ஆனா பெரியவங்க குமித்தே போட்டியே மூணு நிமிஷம்தான். அதுலயும் காத்திருந்து காத்திருந்து, ஒரு கணத்துல பாயறது. அந்தப் பாய்ச்சலை மெதுவான ஓட்டம் சொல்லித் தராது. அதுக்குப் பதிலா ஸ்டான்ஸ்ல நின்னு, கை தட்டற சத்தம் கேட்டதும் மூணு மீட்டர் பாய்ஞ்சு ஓடி நில்லு. ஆறு தடவை, நடுவுல நல்ல ஓய்வு.

இதெல்லாம் தொடவே தொடாதே

- கால்ல, கையில எடை கட்டிக்கிட்டு வேகமா கிக், பன்ச். எடை மூட்டைப் பிடிச்சு இழுக்கும், அடியோட பாதையும் மாறும்.
- டம்பெல் பிடிச்சு முன்னாடி பன்ச். டம்பெல்லோட எடை கீழ்நோக்கித்தான் இழுக்குது, உன் அடி முன்னாடி போகுது. தோள்தான் தேயும். எதிர்ப்பு வேணும்னா ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில கட்டி, மெதுவா பழகு.
- சுவத்துல குத்திக் கையைக் காய்ப்பு ஏத்தறது. குத்திப் பழகற மாகிவாரா பலகை லேசா வளைஞ்சு கொடுக்கும், சுவர் கொடுக்காது. மாகிவாராவும் மாஸ்டர் பக்கத்துல நின்னு சொல்லித் தர்றப்போ மட்டும்.
- குத்த வெச்சுத் தவளை நடை, வாத்து நடை. முட்டி பலமில்லாத உனக்கு இது தண்டனை மட்டும்தான். கிளாஸ்ல சொன்னா "முட்டி வலிக்குது மாஸ்டர், பதிலா பஸ்கி போடறேன்"னு மரியாதையா கேளு. நல்ல மாஸ்டர் ஒத்துக்குவார்.
- ஸ்ப்ளிட் வரணும்னு இன்னொருத்தரை முதுகுல ஏறி அழுத்தச் சொல்றது. தொடை இடுக்குல தசை கிழிஞ்சா மாசக்கணக்குல உட்கார வேண்டியதுதான்.
- சுத்தி விடற கிக், மவாஷி கெரி, போடும்போது ஊன்றின காலைத் திருப்பாம இருக்கறது. பாதம் ஒட்டிக்கிட்டு உடம்பு திரும்பினா திருகல் முழுக்க முட்டிக்குத்தான் போகும். குதிகாலைத் திருப்பப் பழகற வரைக்கும் இடுப்பு உசரத்துக்கு மேலே கிக் வேண்டாம்.
- எரியற மெழுகுவத்தியைப் பன்ச்சால அணைக்கற வித்தை. அடியோட வேகத்தைப் பார்க்கணும்னா காத்துல தொங்கவிட்ட செய்தித்தாள் போதும். வீட்டுல துப்பட்டாவும் நெருப்பும் ஒண்ணா வேண்டாம்.
- பிள்ளையும் உன்கூடக் கிளாஸ் வர்றானா? ஆண்டு விழாவுல ஓடு உடைக்க, செங்கல் உடைக்க அனுப்பாதே. வளர்ற எலும்பு அது, கைதட்டல் அஞ்சு நிமிஷத்துல ஓஞ்சிடும். அவனுக்கு ஓட்டம், குதி, தண்டால், பஸ்கி, நிறைய விளையாட்டு போதும்.

சாப்பாடும் தூக்கமும்

காலையில ரெண்டு இட்லியும் காபியும், மத்தியானம் சாதத்துல ரசம். இதுல தசை எங்கேர்ந்து வரும்? ஒவ்வொரு வேளையும் தட்டுல புரதம் ஒண்ணு இருக்கணும். ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம். முட்டை சாப்பிடாதவங்க சுண்டல், பாசிப்பயறு, வேர்க்கடலை, தயிர், பனீர்னு மாத்தி மாத்திச் சேர்த்துக்கோ. சாம்பார்ல தண்ணியை மட்டும் ஊத்திக்கிட்டு அடியில இருக்கற பருப்பைப் பிள்ளைங்களுக்கு வைக்காதே, நீயும் எடுத்துக்கோ. புரோட்டீன் பவுடர் இப்போ தேவையே இல்ல.

வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழம். வெறும் வயித்துல போய்த் தலை சுத்தி உட்காராதே. வெயில் காலத்துல வேர்வையோட உப்பும் போகும், வந்ததும் உப்புப் போட்ட மோர் குடி. பிரஷர் உள்ளவங்க உப்பைப் பார்த்துப் போடு.

ஏழு மணி நேரம் தூங்கு. ராத்திரி அஞ்சு மணி நேரம்தான் தூங்கினேன்னா மறுநாள் பலப் பயிற்சியைத் தள்ளிப் போடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மாதவிடாய் நாள்ல செய்யலாமா? உடம்புக்கு முடிஞ்சா தாராளமா செய்யலாம். முடியலன்னா கட்டாவை மெதுவா நடந்து பார், அதுவும் பயிற்சிதான்.

வாரம் எப்படி ஓட்டறது

கிளாஸ் சனி, ஞாயிறுன்னு வெச்சுக்கோ.

- திங்கள்: நடை மட்டும்.
- செவ்வாய்: சூடாக்கல், வேகம் பத்து நிமிஷம், பலம் இருபது நிமிஷம்.
- புதன்: முடிஞ்சா ஸ்கிப்பிங் எட்டு நிமிஷம், கட்டா ரெண்டு தடவை.
- வியாழன்: செவ்வாய் செஞ்சதே.
- வெள்ளி: முழு ஓய்வு. தொடை வலியோட சனிக்கிழமை கிளாஸுக்குப் போனா கத்துக்கறது பாதியாயிடும்.

கிளாஸ் வேற நாள்ல இருந்தா இதே கணக்கை நகர்த்திக்கோ. கிளாஸுக்கு முந்தின நாள் கனமான கால் பயிற்சி வேண்டாம், அவ்வளவுதான் விதி. ஒரு வாரம் விட்டுப் போச்சுன்னா அடுத்த வாரம் ரெட்டிப்பா செஞ்சு ஈடு கட்டாதே. விட்ட இடத்துலேர்ந்து ஒரு படி கீழே ஆரம்பி.

கடைசியா வலி. பயிற்சி பண்ணின மறுநாள், அதுக்கு மறுநாள் தசை பூரா மந்தமா வலிச்சா பயப்படாதே, மூணு நாள்ல போயிடும். நடந்தா குறையும். ஆனா மூட்டுல ஒரே புள்ளியில சுருக்குன்னு குத்தறது, வீக்கம், முட்டி வழுக்கி விடற மாதிரி இருக்கறது, கை மரத்துப் போறது, இதெல்லாம் வேற. அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டு. மாஸ்டர் என்ன நினைப்பாரோ, கிரேடிங் வருதேன்னு மறைச்சு மறைச்சுச் செய்யாதே. மறைச்சுத்தான் எத்தனையோ நல்ல பொண்ணுங்க மஞ்சள் பெல்ட்டோட நின்னுட்டாங்க. கிரேடிங் மூணு மாசத்துல மறுபடி வரும், முட்டி வராது. மாஸ்டர்கிட்ட நேரா போய்ச் சொல்லு, வலிக்கற பக்கத்தை விட்டுட்டு மத்ததைச் செய்ய அவரே வழி சொல்வார். நீ இந்தச் செவ்வாய்க்கிழமை நாற்காலி பஸ்கியில ஆரம்பி.